வயிற்றுப் பக்கத்து மூடி

– தொடாத அக்கா! மூக்குப் பக்கம் பெயின்ட் இன்னும் காயல.

– எவ்வளவு நேரம்டா காயும்? மூணு மணிக்கு நான் அங்க நிக்கணும்.

– நீ இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தா தூசிதான் வந்து ஒட்டும். உட்காரு. இருபது வருஷமா நிஜ ஜெட்டையே பிரிச்சு மாட்டுறவ, ஒரு முழம் பொம்மைக்கா இப்படிப் பதறுற?

– பொம்மைங்காத.

– சரிம்மா, மாடல். இங்க பாரு, பெட்டியோட வந்த பைலட் இருக்கையைத் தூக்கிப் போட்டுட்டேன், ஏதோ சோப்புக்கட்டி மாதிரி இருந்துச்சு. இது தனியா வரவழைச்சது, ரெசின் பிசின்ல வார்த்த இருக்கை. பெல்ட்டு முழுக்கப் பித்தளைத் தகடு. இடுக்கியில பிடிக்கிறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. உங்க கேப்டன் பார்த்தா அசந்துடுவார்.

– வயித்துப் பக்கம் திருப்பு.

– பொறு, பொறு. வாலைப் பிடிச்சுத்தான் திருப்பணும். இந்தா. எஞ்சின் மூடியைத் திறந்து வைக்கப் போறேன். உள்ள இருக்கிற குழாய், ஒயர் எல்லாம் தனி செட்டு. எப்படி?

– திறந்து வைக்காத.

– ஐயோ! அதுக்குத்தானே ரெண்டு வாரம் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்!

– மூடுடா. பின்னாடி நாலு தாழும் போட்டிருக்கணும். முன்னாடி ரெண்டு மட்டும் தொங்கணும். அந்த விளிம்பு ஒரு மயிரிழை தூக்கி நிக்கணும்.

– கோணலா ஒட்டிட்டான்னு என்னைத்தானே சிரிப்பாங்க?

– சிரிக்க மாட்டாங்க.

– அக்கா, பிரியாவிடைப் பரிசு இது. அந்த மனுஷன் முதுகு உடைஞ்சு, இனிமே பறக்கவே முடியாதுன்னு வீட்டுக்குப் போறார். இந்த மூடி பிச்சுக்கிட்டு எஞ்சினுக்குள்ள போனதாலதானே விமானமே விழுந்துச்சு?

– ஆமா.

– ஏறுறதுக்கு முன்னாடி அவர் சரியாப் பார்க்கலன்னு பழியும் போட்டாச்சு. போகும்போதும் அதையே குத்திக் காட்டணுமா?

– அவர் பார்த்தார்டா. சுத்தி வந்தார். இந்த மூடிகிட்ட நின்னு, “எல்லாம் முடிஞ்சுதா?”ன்னு என்னைக் கேட்டார்.

– நீ என்ன சொன்ன?

– முடிஞ்சுதுன்னேன்.

– முடிச்சிருந்தியா?

– நாலு தாழ் போட்டேன். பக்கத்து விமானத்துக்குக் கூப்பிட்டாங்க, ஓடினேன். திரும்பி வந்தப்ப மூடி ஒழுங்கா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. குனிஞ்சு பார்க்கல.

– விசாரணையில கேட்டாங்கல்ல?

– ஆறும் போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

– அடிப்பாவி.

– சொல்லு, இன்னும் சொல்லு. எட்டு மாசமா வீட்டுல ஒரு கதவைக்கூட ஒரு தடவையோட சாத்த முடியல. போயிப் போயிப் பார்க்கிறேன். உங்க மாமா, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுங்கிறார்.

– சரி, நான் சொல்றதைக் கேளு. உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆறையும் ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சுடுறேன். கொடுத்துட்டு வந்துடு. வேலை போயிட்டா ரெண்டு பிள்ளைங்களோட என்ன பண்ணுவ?

– ஒட்டினா நானே பிச்சுடுவேன்.

– அவர் இதைப் பார்த்த உடனே புரிஞ்சுக்குவார் அக்கா! அத்தனை பேர் கைதட்டிக்கிட்டு நிக்கிற இடத்துல, மாலையும் கழுத்துமா இருக்கிறவர் கையில இதைக் கொடுத்துட்டு, அவர் முகத்தை எப்படிப் பார்ப்ப?

– பிரியாவிடை நாளைக்குத்தான்டா. இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணைக் குழு மறுபடி உட்காருது. நானே கேட்டு வாங்கின நேரம். அவங்க முன்னாடி எனக்கு வாய் வராது, அதான் விரலை வச்சுக் காட்டிடலாம்னு.