நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு பாதிரியார்

டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. அதைத் தவிர உங்கள் ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதிக்கொள்ள மாட்டேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருக்கிறீர்கள். பரவாயில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பிறகு மனசு மாறினால் எழுதுங்கள்.

நான் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன். சுதந்திரம் வந்த மறு வருஷம், எங்கள் சபையின் கடைசி வெள்ளைக்காரப் பாதிரியார் ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை என்னிடம் விட்டுப்போனார். எல்லாம் இங்கிலாந்துக் கிராமச் சபைகளின் சரித்திரங்கள். அந்தந்த ஊர்ப் பாதிரியாரே எழுதியவை. ஊர் என்றால் பெரிய ஊரில்லை. ஒரு ஆலயம், ஒரு குளம், அதில் சில வாத்துகள், எதிரே ஒரு சாராயக்கடை. நம் ஆம்பூர்ச் சந்தைக்கு வருகிற கூட்டம்கூட அங்கே மொத்த ஜனத்தொகை இராது. புத்தகம் மட்டும் தலையணை கனம்.

படிக்கப் படிக்க அதன் சூட்சுமம் பிடிபட்டது. முதல் அத்தியாயம், ஊருக்குப் பெயர் வந்த விதம். அடுத்தது, ஆலய மணி. அதற்கடுத்தது, கல்லறைத் தோட்டத்து மரங்கள். நான்காவது, கொலை. கொலையுண்டவர் அநேகமாகப் பாதிரியார்தான். முந்நூறு வருஷம் கழித்தும் ஜனங்கள் சைக்கிளில் வந்து, ரத்தக்கறை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். அந்தப் புத்தகங்களில் மற்ற பக்கங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நான்காம் அத்தியாயம் மட்டும் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

இந்த வருஷம் எங்கள் ஆலயத்துக்கு நூறு வயது. சபைச் சரித்திரத்தை நான் எழுதுவது, பண்டிகையன்று பிஷப் வெளியிடுவது என்று ஏற்பாடு. மூன்று அத்தியாயங்களை முடித்துவிட்டேன். நான்காவதில் பேனா நின்றுவிட்டது.

விசாரிக்காத ஆளில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கும் மஹபூப் பாஷா என் அண்டை வீட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக இதே ஊர். இங்கே எந்தப் பாதிரியாராவது கொலை செய்யப்பட்டது உண்டா என்று அவரிடம் கேட்டேன்.

“இன்னா வாத்தியாரே, எழுந்ததும் இந்தப் பேச்சு? எங்க தாத்தா காலத்துல ஒரு வெள்ளக்காரப் பாதிரிக்குப் பலாப்பழம் துன்னு பேதி புடுங்கிக்கிச்சாம். அது ஆவுமா?”

“செத்துட்டாரா?”

“எங்க செத்தாரு? மறுநாள் மிச்சப் பழத்தக் கேட்டாராம்.”

பேதியை வைத்து ஒரு அத்தியாயம் எழுத முடியாது.

“ஒண்ணு கட்டி எழுதுங்களேன், யாரு போய்ப் பாக்கப்போறாங்க,” என்றாள் என் மனைவி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். நடக்காததை நடந்ததாக எழுதுகிற ஈனத்தனம் என்னிடம் கிடையாது. நடந்ததைத்தான் எழுதுவேன். ஆகவே அது நடக்க வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் சபையில் இருக்கும் ஆசீர்வாதம் பாதிரியார் தங்கமான மனிதர். எனக்கு டைபாய்டு வந்தபோது, வேலூர் ஆஸ்பத்திரி போகிறவரை ரயிலில் என் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டு வந்தவர். அவர் போனால் சபையே அழும். யாரும் அழாத பாதிரியாரை வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயத்தைத் தூக்கி நிறுத்த முடியாது, பாருங்கள்.

வழியையும் புத்தகத்திலிருந்தே எடுத்தேன். ஒரு கிராமத்தில் பண்ணையாரைச் சுண்ணாம்புக் குழியில் தள்ளியிருக்கிறார்கள். மிஞ்சியது கோட்டுப் பொத்தான்கள் மட்டும். நம் ஊரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? தோல் ஷாப்பில் தொட்டி தொட்டியாக இருப்பதாகக் கேள்வி. கேள்விதான். நாற்றத்துக்குப் பயந்து நான் அந்த வாசல்படியை மிதித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷாப்பே தொழுகைக்குப் போய்விடும். நம் சபையின் முதல் ஞானஸ்நானம் அங்கே ஒரு தொட்டியில்தான் நடந்தது என்று சொல்லிப் பாதிரியாரை அழைத்துப் போனேன். அது பொய்தானே என்று கேட்கிறீர்கள். வாயால் சொன்னதுதானே ஐயா, எழுதவில்லையே.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்தியோடு தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். நான் தள்ளினேன். முதுகில், இரண்டு கையாலும். கால் வழுக்கவில்லை. எழுதுவதானால் அதைக் கோடிட்டு எழுதுங்கள்.

விழுந்தவர் எழுந்து நின்றார். சுண்ணாம்புத் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

“வாத்தியாரே, கண்ணு எரியுது. கொஞ்சம் கை குடுங்க.”

நான் கொடுக்கவில்லை. வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு, அவர் கரைவதற்காகக் காத்திருந்தேன். அவர் கரைவதாகத் தெரியவில்லை. பைபிளிலிருந்து சத்தமாகச் சங்கீதம் சொன்னார். நடுவில், “நீங்க ஓரத்துல நிக்காதீங்க, விழுந்துடப் போறீங்க,” என்று எனக்கு வேறு புத்தி சொன்னார். நான் அவருடைய பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுகை முடித்து மஹபூப் பாஷா வந்துவிட்டார். ஒரே இழுப்பில் பாதிரியாரை வெளியே தூக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகுதான் என்னைக் கவனித்தார்.

“குடையப் புடிச்சிக்கினு இன்னா வேடிக்க?”

“கரையலியே பாய்.”

“கரையிறதா? எங்க ஆளுங்க தெனம் இதுல எறங்கிதான் தோலப் பொரட்றாங்க. இது மயிர் எடுக்கிற தொட்டி வாத்தியாரே. தோலே கரைஞ்சிட்டா அப்புறம் மொதலாளி இன்னாத்த விப்பாரு?”

இத்தனை வருஷம் அந்த நாற்றத்திலேயே குடியிருந்தும் எனக்கு இது தெரியவில்லை. இங்கிலாந்துப் பாதிரிமார்களும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பாதிரியார் பிழைத்துக்கொண்டார். மீசையும் புருவமும் மட்டும் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், கால் தவறி விழுந்ததாக அவரே சொல்லிவிட்டார். கால் தவறி விழுந்த பாதிரியாரின் தொட்டியைப் பார்க்க எவன் சைக்கிள் மிதித்து வருவான்? கொலை முயற்சி என்று சர்க்கார் முத்திரையோடு பதிவானாலாவது அத்தியாயம் தேறும். அதனால்தான் நானே உங்களிடம் வந்தேன். நீங்கள் என்னை நம்பாமல் அவருக்கு ஆள் அனுப்பினீர்கள். அவரும் வந்து, இதோ இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, என்ன சொன்னார்?

“வாத்தியாரு மேல தப்பே இல்லீங்க. என்னப் புடிக்கத்தான் அவரு கைய நீட்னாரு.”

நீங்கள் எனக்கு டீ வரவழைத்தீர்கள். அவர் இப்போது வாசலில் ஜட்கா வண்டியோடு நிற்கிறார், என்னை வீட்டில் கொண்டுபோய் விட.

ஐயா, என்னைப் பற்றி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கி போட்ட ஒரு போதகர், போலீஸ் அதிகாரி முன்னால், கொஞ்சமும் கூசாமல் பொய் சொல்கிறார். தொட்டியில் தள்ளும்போது அவர் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. இப்போது இருக்கிறது. பாலாற்றுப் பாலம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்றாடக் கொஞ்சம் நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை, பாலத்துக்கு அடியில் வெறும் பாறைதான் என்று இந்த முறை உள்ளூர்க்காரர்களிடம் நன்றாக விசாரித்துக்கொண்டேன்.