முத்துராஜ் வந்த பிறகு வரைந்த படங்கள்

மீன் வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. இருந்தும் மூக்கில் கைக்குட்டையோடு திருமயத்திலிருந்து ஜெகதாப்பட்டினத்துக்கு அடிக்கடி போய்வந்தேன். நல்ல படம் எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் கலை விமர்சகனின் வேலை. டிவியில் என் நிகழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்கலாம், இன்ஸ்பெக்டர் சார்.

அன்புச்செல்வியைக் கண்டுபிடித்தவன் நான். எல்லை தாண்டி மீன் பிடித்ததாக அவர் கணவர் முத்துராஜ் இலங்கைச் சிறையில் இருந்த மாதங்களில், அன்புச்செல்வி ஐஸ் பெட்டி மூடிகளில் கடலை வரைந்தார். ஆளில்லாத கறுத்த கடல். பார்த்தால் துக்கம் அப்பிக்கொள்ளும். அவற்றைக் காட்டிய பிறகுதான் சென்னையில் என்னை மறுபடியும் மதித்தார்கள்.

பிறகு முத்துராஜை விடுவித்துவிட்டார்கள். அடுத்த முறை போனபோது அன்புச்செல்வி கோழிக்குஞ்சு வரைந்துகொண்டிருந்தார். எல்லாம் மஞ்சள். சூரியனுக்கு மூக்கும் வாயும் வேறு. எனக்குக் குமட்டியது.

“அவுக வந்ததுலேர்ந்து கை தானா இதத்தான் வரையுதுங்க சார். நல்லா இல்லீங்களா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் அருவருப்பாக இருந்தது.

அன்று முத்துராஜின் படகில் படப்பிடிப்பு. ஜி.பி.எஸ். கருவியில் எல்லைக் கோட்டை எப்படிக் குறிப்பது என்று அவர் கேமரா முன்னால் விளக்கினார். “இதத் தாண்டுனா சத்தம் போடுமுங்க. ரெண்டாந்தடவ மாட்டுனா வருசக்கணக்குல உள்ளதான்.” அவர் ஐஸ் ஏற்றப் போனபோது அந்தக் கோட்டைக் கிழக்கே, இலங்கைப் பக்கம் தள்ளிவைத்தேன். அவர்தானே சொல்லிக்கொடுத்தார். படகில் இன்னும் மூன்று பேர் போவார்கள் என்று தெரியும். அவர்கள் வீடுகளில் யாரும் படம் வரைவதில்லை.

அவர் மறுபடி சிறைக்குப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். ரோந்துப் படகு துரத்தியதில் இவர்கள் படகு கவிழ்ந்ததற்கு நான் பொறுப்பல்ல. பிழைத்து வந்த ஒருவர், கோடு இடம் மாறியிருந்தது என்று உங்களிடம் சொன்னது உண்மைதான். மாற்றியவன் நான். பிழைத்தவர் முத்துராஜ் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

காரியம் முடிந்ததும் உயர்ரக வண்ணங்களும் கேன்வாஸும் வாங்கிக்கொண்டு அன்புச்செல்வியிடம் போனேன். அவர் அவற்றைத் தொடவில்லை.

“இனிமே யாருக்குங்க சார் வரையிறது? முன்னாடி வரைஞ்சதும் அவுக வந்து பாப்பாகன்னுதான்.”

முப்பது வருடமாகப் படம் பார்க்கிறவன் நான். கலைஞர்கள் தங்கள் படத்தைப் பற்றிச் சொல்வதை நம்புவதில்லை. இப்போது அவர் ஏதோ கம்பெனியில் இறால் உரிக்கிறாராம். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு நான் கொண்டுவந்து கொடுத்த துக்கத்தை அவர் வீணடித்துவிட்டார்.