பரீட்சைக்கு எடுத்துவைத்த ஆள்

நல்ல கேஸ் அமைவது நல்ல வரன் அமைவது மாதிரி, சார். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைக்க வேண்டும், கிடைத்தால் கைநழுவ விடக்கூடாது. எம்.டி. செய்முறைப் பரீட்சை நெருங்கினால், எழுதப்போகும் சீனியருக்கு, எக்ஸாமினர்கள் முன் சோதித்துக் காட்ட நோயாளி தேடிக் கொடுப்பது இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட்டுகளான எங்கள் வேலை. இப்போது விசாரணைக்கு வந்திருக்கும் நீங்களும் ஒரு காலத்தில் செய்திருப்பீர்கள்.

உமேஷ் அண்ணா ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். "இந்த வாட்டியும் போச்சுன்னா தாம்பரம் பக்கமே தலைகாட்ட மாட்டேன்டா, அனிருத். அப்பா மூஞ்சிய பாக்க முடியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வளர்ந்த ஆள் அழுவதை என்னால் பார்க்க முடியாது.

அந்த வாரம்தான் சிட்டிபாபு வந்து சேர்ந்தார். அனகாபுத்தூர்க்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வலது நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருந்தது. முதுகில் விரலால் தட்டினால் கல்லில் தட்டியதுபோல் கேட்கும். பாடப்புத்தகத்தில் உள்ளது அப்படியே இருந்தது. ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்தால் அன்றைக்கே மூச்சு சீராகிவிடும். ஆனால் தண்ணீரை எடுத்தால் கேஸ் போய்விடுமே. பரீட்சை திங்கட்கிழமை.

"ஊசி ஸ்டாக் இல்ல, திங்கக்கிழமை எடுத்துடலாம்" என்று அவரிடம் சொன்னேன். ஊசி என் கோட்டுப் பையில் இருந்தது. ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டபோது, பரீட்சை கேஸ் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தண்ணீர் குறையாமல் இருக்கிறதா என்று அடிக்கடி போய்த் தட்டிப் பார்ப்பேன். "நீங்க ஒருத்தர்தான் சார் வந்து வந்து பாத்துக்கினு கீறீங்க" என்றார் அவர் மனைவி பொன்னியம்மாள்.

சனிக்கிழமை ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் சிட்டிபாபுவால் படுக்க முடியவில்லை. "மூச்சு வுட முடியல சார். கொஞ்சமாச்சும் எடுத்து வுடு சார்" என்று கெஞ்சினார். ஆனால் அந்த நேரத்தில் எடுத்தால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும். பயிற்சி டாக்டர் ப்ரியா தானே எடுத்துவிடத் தயாரானாள். அவருக்கு ரத்தம் உறையாது, குத்தினால் நிற்காது என்று சொல்லித் தடுத்தேன். அவர் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ப்ரியாவை விட்டுவிடுங்கள், அவள் சீனியர் சொன்னதை நம்பிய பெண்.

திங்கட்கிழமை காலை பரீட்சை அறைக்கு அழைத்துவந்து, அவருடைய ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றினேன். மாஸ்க் போட்டவரைப் பரீட்சைக்கு எடுக்க மாட்டார்கள். உமேஷ் அண்ணா முதுகில் தட்டினார். பிறகு வெளியூர் எக்ஸாமினர்கள் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். சிட்டிபாபு ஒன்றும் சொல்லவில்லை. பேச மூச்சு வேண்டுமே.

"எக்ஸலண்ட் கேஸ். யாருப்பா புடிச்சது?" என்றார் ஒருவர். நான் கையைத் தூக்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. உமேஷ் அண்ணா பாஸ்.

எக்ஸாமினர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவதும் எங்கள் தலையில்தான் விடியும். அன்றைக்குப் பிரியாணி வரத் தாமதம். எல்லாம் முடித்து நான் ஊசியோடு போனபோது, காலியான அறையில் சிட்டிபாபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிடத் தொடங்கியிருந்தது. மாஸ்க்கை நான் திரும்ப மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை எடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன் அல்லவா. திரையை இழுத்துவிட்டு, ஊசியைச் செலுத்தி, வந்த தண்ணீர் முழுவதையும் எடுத்தேன். அவசரப்படவில்லை, முறைப்படி கையுறை போட்டுத்தான் செய்தேன். பிறகு வெளியே காத்திருந்த பொன்னியம்மாளிடம், "தண்ணி எடுத்தாச்சும்மா" என்றேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

கொடுத்த வாக்கை நான் மீறவில்லை, சார்.