குதிரைக்குட்டி பிறந்த நேரம்

ஜலஜா: ...அதெல்லாம் இருக்கட்டும்னா. அந்தக் குட்டிக்கு இன்னிக்கு வயசு அஞ்சு நாளா, இல்லே ஒரு வருஷமா? அதை மட்டும் சொல்லுங்கோ.

சீதாராமன்: ஒரு வருஷம்.

ஜலஜா: இன்னும் பால் குடிக்கறது. கால் நேரா நிக்கலை. ஒரு வயசு!

சீதாராமன்: ரேஸ் குதிரைக்கு அதான்டி சட்டம். எந்த மாசம் பிறந்தாலும் சரி, ஜனவரி ஒண்ணாந் தேதி வந்தா எல்லாக் குதிரைக்கும் ஒரு வயசு ஏறிடும். இது டிசம்பர் முப்பத்தொண்ணு, ராத்திரி பதினொண்ணே முக்காலுக்குப் பிறந்தது. கால் மணியில ஒரு வயசு ஆயிடுத்து.

ஜலஜா: இந்தச் சட்டத்தை எங்க அத்தை கிட்ட சொல்லுங்கோ. இருபது வருஷமா நாப்பத்தஞ்சுலயே நிக்கறா.

சீதாராமன்: சிரிக்காதே. இனிமே அது தன்னைவிட பத்து மாசம், பதினோரு மாசம் மூத்த குதிரைகளோடதான் ஓடணும். ஓடித் தோத்துண்டே இருக்கும். மூணு வருஷமா எங்க முதலாளி மேம்சாப் காத்துண்டிருந்த குட்டி, ஒண்ணுத்துக்கும் உதவாமப் போயிடுத்து.

ஜலஜா: அதனால கால் மணி தள்ளி, ஜனவரின்னு எழுதச் சொன்னா. நீங்கோ முடியாதுன்னுட்டேள்.

சீதாராமன்: முடியாதுன்னுதான் சொன்னேன்.

ஜலஜா: அவளும் யோசிச்சு எழுதுன்னு குதிரைப் பிறப்பு ரிஜிஸ்தரை ஆத்துக்கே குடுத்தனுப்பிச்சுட்டா. இன்னிக்கு நாலு மணிக்குக் குதிரைக்காரன் ரம்ஜான் வருவான். தேதியைத் திருத்தின ரிஜிஸ்தரைத் தரணும், இல்லாட்டா ரிஜிஸ்தரோட ஆபீஸ் சாவியையும் சேத்துத் தந்துடணும். சரிதானே?

சீதாராமன்: சாவியைத்தான் தரப்போறேன்.

ஜலஜா: பேஷ். நாளைலேர்ந்து அரிசி வேண்டாம். உங்க சத்தியத்தையே உலைல போட்டுப் பொங்கிடறேன். குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி.

சீதாராமன்: கல்கத்தால வேற வேலை கிடைக்காதா என்ன? கிளைவ் தெருவுல கம்பெனி கம்பெனியா இருக்கு.

ஜலஜா: இருக்கு இருக்கு. "குதிரை ஜாதகம் எழுதத் தெரியும், முதலாளியைப் பொய்க்காரின்னு சொல்லவும் தெரியும்"னு அப்ளிகேஷன் போடுங்கோ. பல்லக்கு அனுப்புவா.

சீதாராமன்: பொய்க்காரின்னு நான் சொல்லலை.

ஜலஜா: பின்னே என்ன சொன்னேளாம்?

சீதாராமன்: "பொய்க்கு என் கை எழுதாது மேடம்"னேன்.

ஜலஜா: யார் யார் இருந்தா?

சீதாராமன்: குதிரை டாக்டர்... ரம்ஜான்... இன்னும் நாலஞ்சு பேர்.

ஜலஜா: இங்கிலீஷ்லயா?

சீதாராமன்: கோவம் வந்தா நேக்கு இங்கிலீஷ் நன்னா வரும்.

ஜலஜா: வேலை போறப்போதான் வரும். போன மாசம் வரைக்கும் அந்தம்மாவைத் தலைல தூக்கி வெச்சுண்டு ஆடினேளே! பெஹாலா லாயத்துலேர்ந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவேள். மேம்சாப் அப்படி, மேம்சாப் இப்படி... நேக்கு அவ சரித்திரம் தலைகீழா மனப்பாடம்.

சீதாராமன்: என்ன மனப்பாடம், சொல்லு பாப்போம்.

ஜலஜா: மிஸஸ் ஆல்டன். அமெரிக்கால சிகாகோ. அப்பா பன்னி மாம்சத்தை டப்பால அடைச்சு வித்துக் கோடீஸ்வரன் ஆனவர். இதை நீங்கோ நான் சாப்பிட உக்காந்தப்போதான் சொன்னேள்.

சீதாராமன்: அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டாச்சு.

ஜலஜா: முதல் புருஷன் பாங்க் முதலாளி. சொத்தையெல்லாம் எழுதி வெச்சுட்டு நல்ல பிள்ளையாப் போய்ச் சேந்துட்டான். ரெண்டாமத்தவன் ஒருநாள் சினைக் குதிரையைச் சவுக்கால அடிச்சான். அன்னிக்குச் சாயங்காலமே வக்கீலைக் கூப்பிட்டு அவனைத் தள்ளி வெச்சுட்டா.

சீதாராமன்: சாயங்காலம் இல்லே. மத்தியானமே.

ஜலஜா: குதிரையை அடிச்சதுக்கு! அந்த ஊர்ல மனுஷாளை அடிச்சா என்ன பண்ணுவாளோ. அப்புறம் அங்கே பந்தயத்துல பணம் கட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான். எல்லாரும் குதிரையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டா. இவ மட்டும் "என் குதிரைக்கு ஓட இடம் இருக்கற தேசத்துக்குப் போறேன்"னு பதினாலு பெண்குதிரையைக் கப்பல்ல ஏத்திண்டு கல்கத்தா வந்து இறங்கினா. வழில ஏடன்ல ஒண்ணு செத்துப்போச்சு. மூணு நாள் சாப்பிடலை. புருஷன் செத்தப்போ எத்தனை நாள் சாப்பிடலைன்னு நீங்கோ கேட்டேளா?

சீதாராமன்: அதெல்லாம் ஒரு குமாஸ்தா கேக்கற கேள்வியா?

ஜலஜா: பொய்க்காரிங்கறது மட்டும் குமாஸ்தா சொல்ற வார்த்தையோ?

சீதாராமன்: ஜலஜா, கேளு. அவ கெட்டவன்னு நான் சொல்லலை. ஒவ்வொரு குதிரைக்கும் தாய் வழில ஏழு தலைமுறை பேர் சொல்லுவா, புஸ்தகம் பாக்காம. சினைக் குதிரைக்கு நாள் நெருங்கித்துன்னா பங்களால படுக்க மாட்டா. லாயத்துலயே வைக்கோல்ல கட்டையைச் சாய்ச்சுடுவா, அம்பத்திரண்டு வயசுல.

ஜலஜா: ஏழு தலைமுறை எழுதறேளே, கோத்திரம்னு ஒரு கட்டம் போட்டு அதையும் எழுதிடுங்கோ. குறையில்லாம இருக்கும்.

சீதாராமன்: உனக்கு எல்லாம் விளையாட்டு. அந்த ரிஜிஸ்தர்ல எழுதினா எழுதினதுதான்டி. அதை நம்பித்தான் லண்டன்ல இருக்கறவன் வாங்கறான். பிறந்த நேரத்துல கை வெக்கறது சாதாரணக் காரியமா? தள்ளி எழுதறவன் ஒருத்தன், அதை நம்பிக் கெட்டுப்போறவன் இன்னொருத்தன். மகா பாவம்.

ஜலஜா: இதோ வந்துட்டேன்.

சீதாராமன்: எங்கேடி எழுந்து போனே?

ஜலஜா: ஒண்ணும் இல்லே. அடுப்பைப் பாத்தேன்.

சீதாராமன்: அடுப்புதான் அணைஞ்சுடுத்தே.

ஜலஜா: அணைஞ்சுடுத்தான்னுதான் பாத்தேன். சரி, அந்த ராத்திரி என்ன நடந்ததுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்கோ. ஒண்ணு விடாம.

சீதாராமன்: எத்தனை தடவைடி சொல்றது! பத்து மணிக்கு வலி எடுத்தது. டாக்டர் வந்தார். மேம்சாப் வைக்கோல்ல மண்டி போட்டு உக்காந்து குதிரையோட தலையை மடில வெச்சுண்டா. நான் லாந்தர் பக்கத்துல ரிஜிஸ்தரோட நின்னேன். நடுவுல கிதிர்பூர்ல கப்பல்காரன் எல்லாம் சங்கு ஊத ஆரம்பிச்சுட்டான். குதிரை மிரண்டு எழுந்துண்டு...

ஜலஜா: சங்கா? எதுக்கு?

சீதாராமன்: புது வருஷம்னா துறைமுகத்துல நிக்கற அத்தனை கப்பலும் ஊதுமே. வருஷா வருஷம் நீயே எழுந்து உக்காந்துண்டு திட்டுவியே.

ஜலஜா: திட்டுவேன். இந்த வருஷமும் திட்டினேன். பன்னண்டு மணிக்கு.

சீதாராமன்: இந்த வருஷம் சீக்கிரமே ஊதிட்டான். குடிச்சிருப்பான். நான் கடிகாரத்தைப் பாத்தேனே, பதினொண்ணு முப்பத்தாறு.

ஜலஜா: அத்தனை கப்பல்காரனும் ஒண்ணாக் குடிச்சுட்டு ஒரே நிமிஷத்துல தப்பா ஊதினானாக்கும்?

சீதாராமன்: வெள்ளைக்காரன் கட்டுப்பாடு உள்ளவன்.

ஜலஜா: அப்போ குட்டி வெளில வந்துடுத்தா?

சீதாராமன்: முன்னங்கால் ரெண்டும் தெரிஞ்சுது. அவ்வளவுதான். அப்புறம் ஒம்பது நிமிஷம் கழிச்சுத்தான்...

ஜலஜா: ஏன்னா, இருங்கோ.

சீதாராமன்: என்ன?

ஜலஜா: உங்க கடிகாரத்தைக் கடைசியா எங்கே சரி பண்ணினேள்?

சீதாராமன்: எங்கே பண்ணுவேன்? மெட்ராஸ் மெயில்ல காப்பிக்கொட்டை பார்சல் வந்துதே, அப்போ ஹவுரா ஸ்டேஷன்ல. மாசா மாசம் அங்கேதான் பண்றேன்.

ஜலஜா: ரயில் டயம்.

சீதாராமன்: ஆமாம், ரயில் டயம். ஸ்டாண்டர்ட் டயம். தேசம் முழுக்க ஒரே டயம்னு கவர்மெண்டே சொல்லியாச்சு. இந்த ஊர்க்காரனுக்கு மட்டும் தனி டயம்! ராஜதானியே டில்லிக்குப் போயாச்சு, இன்னும் கல்கத்தா டயமாம். நான் ஏன் மாத்திக்கணும்?

ஜலஜா: மாத்திக்க வேண்டாம். ரயில் டயத்துக்கும் கல்கத்தா டயத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு?

சீதாராமன்: இருபத்துநாலு நிமிஷம். தினம் மனசுல கூட்டிண்டுதானே ஆபீஸ் போறேன்... அன்னிக்கும் நான்... இரு... இரு...

ஜலஜா: நான் இருக்கேன். நீங்கோ கூட்டுங்கோ.

சீதாராமன்: பதினொண்ணு முப்பத்தாறும் இருபத்துநாலும்...

ஜலஜா: கப்பல்காரன் குடிக்கலை.

சீதாராமன்: ...பன்னண்டு. ஐயோ. குட்டி பிறந்தது பன்னண்டு ஒம்பது. ஐயையோ ஜலஜா!

ஜலஜா: குட்டி பெஹாலாலதானே பிறந்தது? ஹவுரா பிளாட்பாரத்துல இல்லையே?

சீதாராமன்: மேம்சாப் தன் கடிகாரத்தைக் கழட்டி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாடி. நான் பாக்கவே மாட்டேன்னுட்டேன். பணக்காரா முள்ளைத் திருப்பி வெச்சுக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைச்சேன்.

ஜலஜா: அப்போ அந்தம்மா தள்ளி எழுதச் சொல்லலை. இருக்கறதை எழுதச் சொல்லியிருக்கா. சத்தியசந்தர்தான் அஞ்சு நாளாத் தப்புத் தேதியை மார்ல கட்டிண்டு அலையறேள்.

சீதாராமன்: நாலு பேர் முன்னாடி... "என் கை எழுதாது"ன்னு...

ஜலஜா: இப்போ எழுதும். அந்தப் பேனாவை எடுங்கோ. பழைய தேதியை ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல ஜனவரி ஒண்ணு, பன்னண்டு ஒம்பதுன்னு எழுதுங்கோ. கீழே காரணத்தையும் எழுதுங்கோ, என் கடிகாரம் ரயில் டயம்னு.

சீதாராமன்: ஊரே சிரிக்குமே.

ஜலஜா: சிரிக்கட்டும். சாவி நம்மாத்துல இருக்கும். தனிக் காயிதத்துல மன்னிப்புன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை போறும், கோவத்துல வந்த இங்கிலீஷ் மாதிரி நீளமா வேண்டாம்.

சீதாராமன்: எழுதியாச்சு... மையை ஒத்தணும்... வாசல்ல யாரோ...

ரம்ஜான்: பாபுஜி! சார் பஜ் கயே, நாலு மணி! கிதாப் தீஜியே.

சீதாராமன்: ஏ லோ, இந்தா ரம்ஜான். ரிஜிஸ்தர் கிதாப் இது. இந்தக் கடுதாசியை மேம்சாப் கைலயே குடு. கைலயே, புரிஞ்சுதா?

ரம்ஜான்: சாபீ?

சீதாராமன்: சாவி... சாவி கிடையாது. நாளைக்கு நானே கொண்டு வரேன்.

ரம்ஜான்: பஹுத் அச்சா, பாபுஜி! சலாம்.

ஜலஜா: போயிட்டானா?

சீதாராமன்: போயிட்டான். சிரிச்சுண்டே போறான் படவா. அப்பாடா... ஜலஜா, நீ மட்டும் கேக்கலைன்னா நான் சாவியைக் குடுத்துட்டு நடுத்தெருவுல நின்னிருப்பேன். இருபத்துநாலு நிமிஷத்துல குடி முழுகப் பாத்துதே!

ஜலஜா: இருபத்துநாலு நிமிஷம்னா ஒரு நாழிகை.

சீதாராமன்: ஆமாம், ஒரு நாழிகை. அதுக்கென்ன?

ஜலஜா: ஒண்ணும் இல்லே.

சீதாராமன்: மறுபடியும் அடுப்பைப் பாக்கறயா?

ஜலஜா: இல்லே... ஒண்ணு சொல்லணும். அஞ்சு நாளா உங்க கிட்ட சொல்லப் பாக்கறேன். பிறந்த நேரத்துல கை வெக்கறது மகா பாவம்னு இப்போகூடச் சொன்னேளே...

சீதாராமன்: வாய் தவறி ஏதோ...

ஜலஜா: என் நட்சத்திரம் பூராடம் இல்லே. மூலம். மூலம் முடிய ஒரு நாழிகை இருக்கறப்போ பிறந்தேன். அம்மா சொல்லியிருக்கா. மூலத்துப் பொண்ணு மாமனாருக்கு ஆகாதுன்னு எந்த இடமும் குதிரலை. உங்காத்துல மட்டும் எப்படிப் பொருந்தித்துன்னு நேக்குப் புரியலை. நிச்சயதாம்பூலத்துல வாத்தியார் பூராடம்னு உரக்கப் படிச்சார். எங்கப்பா தலையைக் குனிஞ்சுண்டார். அப்போதான் புரிஞ்சுது. அப்பா ஒரு நாழிகை தள்ளி எழுதிட்டார்.

சீதாராமன்: ஜலஜா...

ஜலஜா: முழுக்கக் கேளுங்கோ. கல்யாணம் ஆகி எட்டாம் மாசம் உங்கப்பா போயிட்டார். எல்லாரும் விதின்னா. நான் கொல்லைல நின்னுண்டு, நான்தான் முழுங்கிட்டேன்னு அழுதேன். பதினோரு வருஷமா அவர் திவசத்துக்குச் சமைக்கறப்பல்லாம் மனசுக்குள்ள அவர் கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்கோ வேற குதிரைக்குட்டிக்கே இப்படிக் குதிக்கறேள். திட்டறதானா இப்பவே திட்டிடுங்கோ.

சீதாராமன்: அப்பாவுக்கு மார்வலிடி. நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கும்பகோணம் டாக்டர் கையை விரிச்சுட்டார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு என் கிட்ட மட்டும் சொன்னார்.

ஜலஜா: ஆனா எங்கப்பா எழுதின பொய்...

சீதாராமன்: உங்கப்பா பொய் எழுதலை. மூலம்னுதான் எழுதி அனுப்பிச்சார்.

ஜலஜா: என்ன சொல்றேள்? நிச்சயதாம்பூலத்துல பூராடம்னுதானே படிச்சா?

சீதாராமன்: நாலு இடத்துக்குப் போய்த் திரும்பி வந்த ஜாதகம்டி அது. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சிருந்தது. அஞ்சாவது ஆளா நானும் திருப்பி அனுப்ப மனசு வரலை. அப்பாவுக்குக் கண் மங்கல், பெரிசா எழுதிக் குடுடான்னு என் கிட்ட குடுத்தார்... நாழிகையில ஒண்ணைக் கூட்டிப் பூராடம்னு எழுதினவன் நான்தான், ஜலஜா.