வண்டி ஏத்துக்கிட்ட பொரி

...அந்தச் சத்தத்த விடுங்க சார், அது சஸ்பென்ஷன் புஷ். பள்ளத்துல எறங்குனா மட்டுந்தான் கடகடங்கும். நம்ம கடலூரு ரோட்டுல பள்ளத்துல எறங்காம எங்க போறதுன்னு கேக்காதீங்க. பெண்ணாடத்துலேருந்து பஸ் ஏறி வண்டி பாக்க வந்துருக்கீங்க, உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? உக்காந்து பாருங்க. இருங்க இருங்க, அந்தக் கதவு உள்ளேருந்துதான் தொறக்கும். நான் சுத்தி வரேன்.

சின்ன வண்டி, கம்மி வெல, கம்மி செலவுன்னு சொல்லித்தான் என் தலையில கட்டுனாங்க. கம்மி வெல வாஸ்தவந்தான். செலவு... கிளட்ச் பிளேட்டு மாத்துனேன், ஒம்பதாயிரம். ஏசி கேஸ் அடைச்சேன், மறுவாரமே அனல் காத்து. மஞ்சக்குப்பத்துல அய்யனாருன்னு ஒரு மெக்கானிக்கு இருக்கான். பானெட்டத் தொறந்ததும் "ச்சொ"ன்னு நாக்கத் தட்டுவான் பாருங்க, அந்த ஒரு "ச்சொ"வுக்கே ஆயிரம் ரூவா ஆவும். ரெண்டு தடவ தட்டுனான்னா நான் வீட்டுக்கு நடந்து வந்துடுவேன்.

இதெல்லாம்கூட பரவால்ல சார். என்னக் கொல்றது ஒயரிங்தான். எலி. சும்மா எலி இல்ல, எங்கூட ஏதோ பகை வச்சிருக்குற எலி. ஒவ்வொரு மாசமும் ஒயரக் கடிச்சி வச்சிடும், ஒவ்வொரு மாசமும் அய்யனாரு "ச்சொ". பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் நெல்லு மூட்டய அடுக்கி வச்சிருக்காரு, அங்கேருந்துதான் வருது. தெருவே கூடுற மாரி சண்ட போட்டேன். இப்ப அவரும் நானும் பேசிக்கிறதில்ல. அப்பறம் யாரோ பொகயில வச்சா எலி வராதுன்னாங்க. கட்டு கட்டா வாங்கி இன்ஜின சுத்தித் தொங்க வுட்டேன். வெத்தல பாக்குதான் வைக்கல, மத்தபடி எலிக்கி எல்லா மரியாதையும் பண்ணியாச்சு.

சிரிக்காதீங்க சார். இந்த வண்டியால என் குடும்பமே ரெண்டா கெடக்கு.

போன மாசம் என் மச்சான் ஜெயப்பிரகாஷு பொண்ணுக்கு சிதம்பரத்துல கல்யாணம். ஆமா, உங்கள அனுப்பி வச்சாரே, அதே ஜெயப்பிரகாஷுதான். எம்பொண்டாட்டி இளமதி, பொண்ணுக்கு அத்தக்காரி. பட்டுப்பொடவ, மடியில சீர்த்தட்டு. புதுச்சத்திரம் தாண்டல, வண்டி படுத்துடுச்சு. அவ என்னயப் பாத்தா. சீர்த்தட்டோட டவுன் பஸ்ல ஏறிப் போயிட்டா. கல்யாணம் முடிஞ்சி நேரா காட்டுமன்னார்கோயிலு, அவங்க அம்மா வீடு. அந்த வண்டி வாசல விட்டுப் போனாதான் நான் உள்ள வருவேன்னுட்டா.

அன்னிலேருந்து ஓட்டல் சாப்பாடு. சோறு கெடக்கட்டும் சார், அவ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கவே புடிக்கல. அதனாலதான் மச்சான் படிச்சி படிச்சி சொன்னாரு, பெண்ணாடத்துக்காரரு வந்தா வாயத் தொறக்காம சாவிய மட்டும் குடுங்க மாமான்னு. நான் என்னா பேசிட்டேன் இப்ப? உள்ளதத்தான சொல்றேன்.

வாங்க, முன்னாடி வாங்க. பானெட்டத் தொறக்குறேன், நான் வண்டிய எப்புடி வச்சிருக்கேன்னு நீங்களே பாருங்க. இது பேட்டரி. புதுசு. பக்கத்துல அந்த எவர்சில்வர் கிண்ணம்... அதத் தொடாதீங்க சார், அது படையல் வைக்கிற கிண்ணம்.

ஊருல எல்லாரும் ஆயுதபூஜைக்கி வண்டிக்கி பொரி கடல படைப்பாங்க, சூடம் அணைஞ்சதும் வழிச்சி அவங்களே தின்னுடுவாங்க. நம்மகிட்ட அந்தப் பொழப்பு கெடயாது. வண்டிக்கி வச்சது வண்டிக்கி. அதுவும் வருசத்துக்கு ஒருதரம் இல்ல, அமாவாசைக்கி அமாவாசை ஒரு கிண்ணம், வெல்லம் போட்டு. வச்சி பானெட்ட மூடிடுவேன். காலையில பாத்தா ஒத்தப் பொரி இருக்காது சார், கழுவி வச்ச மாரி இருக்கும் கிண்ணம். வண்டி ஏத்துக்கிச்சின்னு அர்த்தம். இளமதி அப்பவே கத்துவா, எடுங்க அத, கண்டதும் வந்து சேரும்னு. ஒனக்கு பக்தி பத்தலடின்னு வாய அடச்சிட்டேன்.

என்னா சார் அப்புடிப் பாக்குறீங்க?

இல்ல... வண்டிதான்...

இருங்க. அமாவாசைக்கி மறுநாளுதான் வண்டி படுக்குது. ஆமா. போன மாசமும் அப்புடித்தான்... அதுக்கு முந்துன மாசமும்...

ஐயோ, வைத்திலிங்கத்த என்னென்ன பேசிட்டேன்.

சார், எங்க கெளம்பிட்டீங்க? ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார், இன்னும் அமாவாசைக்கி நாளு கெடக்கு. சார், அது ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு போவாது, முதுநகருக்குப் போவுது... சரி, ஏறிட்டீங்க.

சார், ஒண்ணே ஒண்ணு. மச்சான் போன் பண்ணா வெல ஜாஸ்தின்னு சொல்லிக்குங்க. வண்டி ஓட்ட, ஆளு ஓட்டவாயின்னுகூட சொல்லிக்குங்க. அந்தக் கிண்ணத்த மட்டும் சொல்லிடாதீங்க. அவரு நேரா அக்காகிட்ட சொல்லிடுவாரு.

அவளுக்குத் தெரிஞ்சா வண்டிய வச்சிக்கிட்டு என்ன வித்துடுவா சார்!