உச்சிக்குப் போய்வந்த பிள்ளை

— புஸ்தகத்தை எரிக்கறதுக்குத் தீப்பெட்டி பத்தலைன்னு எங்கிட்டயே கேக்க வந்தீங்களாக்கும்?

— அப்படியெல்லாம் பேசாதீங்க அம்மணி. யாரும் எரிக்கலீங்க. ஸ்கூல்ல இருந்து நாப்பது புஸ்தகத்தையும் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க, அவ்வளவுதானுங்க.

— யாரு சொல்லி அனுப்பிச்சாங்க? மனுவுல மொதக் கையெழுத்தே உங்களோடதுதானுங்களே! அன்னூர் தம்பிதுரை, தலைவர், கரட்டுச்சாமி கோயில் கமிட்டின்னு ரப்பர் ஸ்டாம்பு வேற. நகல் எங்கிட்ட இருக்குதுங்க. "சண்முகப்பிரியா என்பவர் எழுதிய 'செம்பியும் சிறகாடும்' என்னும் சிறுவர் நூல், பிஞ்சு நெஞ்சில் நாத்திக நஞ்சை..." பிஞ்சு, நெஞ்சு, நஞ்சு! நானே இப்படி எழுத மாட்டேன்.

— அது தமிழ் வாத்தியாரு எழுதிக்குடுத்ததுங்க.

— உங்களுக்குக் கீழ சர்ச் ஃபாதர். அவருக்குக் கீழ மைதீன் பிச்சை பாய். மைக்செட்டுத் தகராறுல வருசம் பூரா மூஞ்சி குடுத்துப் பேசாதவங்க, என்ற கதையில வர்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் மூணு பேரும் ஒண்ணு சேந்துட்டீங்க. நெம்பப் பெருமையா இருந்துச்சுங்க எனக்கு.

— பாய் நல்ல மனுசருங்க. "ஆடு வர்ற எடமெல்லாம் நல்லாத்தானே இருக்குது, கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டா போதுமே"ன்னாரு.

— கடைசிப் பக்கம்தானுங்க கதையே! செம்பிங்கற புள்ளை றெக்கை மொளைச்ச வெள்ளாட்டு மேல ஏறி மலை உச்சிக்குப் போறா. எந்தச் சாமிக்குப் பயந்துக்கிட்டு ஊரே நடுங்குதோ, அது அங்க இல்லை. வெறும் காத்துதான் அடிக்குது. இனிமே பயப்பட வேண்டாம்னு சிரிச்சுக்கிட்டே எறங்கி வாரா. இதுல எங்கீங்க இருக்குது நஞ்சு?

— "உச்சியில் யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை."

— அட, மனப்பாடமா? கையெழுத்துப் போடறவங்க படிச்சுட்டா போடறாங்க!

— என்ற பொண்ணு படிச்சாளுங்க. அப்புறம் நானும் படிச்சேன். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாதுங்க.

— சரி, உக்காருங்க. தண்ணி குடிங்க. அன்னூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறிப் போத்தனூருக்கு வந்திருக்கீங்க. நிக்க வெச்சுத் திட்டுனேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைத் திட்டும்.

— இருக்கட்டுங்க. அம்மணி... புள்ளை அஞ்சு நாளா எங்கிட்டப் பேச மாட்டேங்கறா.

— எந்தப் புள்ளை?

— புஸ்தகம் படிச்சான்னேனே, அந்தப் பொண்ணுதானுங்க, நாச்சி. ஒரே புள்ளை. அஞ்சாப்புப் படிக்கறா. போன செவ்வாக்கெழமை பையைத் தூக்கிட்டுப் போனவ ஸ்கூலுக்குப் போகலை. எங்கூருக் கரட்டு மலை மேல ஏறிப்போட்டா.

— கோயிலுக்குப் போனாளா?

— கோயிலு பாதிக் கரட்டுலயே இருக்குதுங்க. அதுக்கு மேல பொம்பளைங்க ஏறக்கூடாது. ஆம்பளைங்க நாங்கதான் அமாவாசைக்கு அமாவாசை உச்சிக்குப் போயி வெளக்குப் போட்டுட்டு வருவோம். இவ ஒத்தையில உச்சி வரைக்கும் போயிட்டு, காலெல்லாம் முள்ளுக் கீறலோட பொழுதெறங்க வந்து சேந்தா.

— அய்யோ! அடிச்சீங்களா?

— கையே ஓங்கலீங்க. ஊருக்குள்ளதான் தீட்டு, பரிகாரம்னு பேசறாங்க. கமிட்டித் தலைவரு ஊட்டுப் புள்ளையேன்னு சிரிக்கறாங்க. அது கெடக்குதுங்க. "மேல என்ன கண்ணு பாத்தே?"ன்னு ஒண்ணுதான் கேட்டேன். என்ற மூஞ்சியவே பாத்தா. அத்தோட சரி. சோறு போட்டா உங்கறா, பாடம் படிக்கறா, அக்கம்பக்கத்துப் புள்ளைகளோட பேசறா. எங்கிட்ட மட்டும் 'ம்'முங்கற சத்தங்கூட இல்லீங்க.

— டாக்டருகிட்டக் காட்டுனீங்களா?

— காட்டுனேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். பாய் வந்து ஓதி ஊதிட்டுப் போனாரு. ஃபாதரு தலையில கை வெச்சு ஜெபம் பண்ணுனாரு.

— மறுபடியும் மூணு பேருமா!

— சிரிக்காதீங்க அம்மணி.

— சிரிக்கலீங்க. சத்தியமா சிரிக்கலை. நான் என்ன பண்ணோணும், சொல்லுங்க.

— நேத்து நோட்டுல எழுதிக் காட்டுனா. "புஸ்தகம் எழுதுன அக்காகிட்ட மட்டும் சொல்றேன்"னு. புஸ்தகத்துப் பின்னால உங்க அட்ரஸ் இருந்துச்சு. கூட்டியாந்துட்டேன். உங்க வாசக் கேட்டுப் பக்கம் நின்னு ரயிலைப் பாத்துட்டிருக்கறா.

— வெயில்லயா நிக்க வெச்சிருக்கீங்க? கூப்புடுங்க மொதல்ல!

— இருங்க, இருங்க. அவ வர்றதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கறேன். அவ என்ன சொன்னாலும் சரி, "நான் எழுதுனது தப்பு கண்ணு, மேல சாமி இருக்குது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.

— அது எப்படிங்க முடியும்? கொழந்தைகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?

— ஆட்டுக்கு றெக்கை வெச்சீங்களே, அது நெசமுங்களா?

— அது வெளையாட்டுங்க! புள்ளைகளுக்கே தெரியும். எந்தப் புள்ளையாவது வெள்ளாட்டு மேல ஏறி உக்காந்து, பறக்குதான்னு பாக்குமா?

— இவ பாத்தாளுங்க. ரெண்டு நாளு. அது பறக்கலை. அதுக்கப்புறந்தான் நடந்து போனா.

— ஏனுங்க... பத்து வயசுப் புள்ளை. சாமி இருக்குதா இல்லையான்னு பாக்கறதுக்கா அத்தனை தூரம் ஏறுவா?

— சாமியைப் பாக்கப் போகலீங்க. அவ அம்மாவைப் பாக்கப் போனா.

— அம்மாவையா?

— போன ஐப்பசியில என்ற ஊட்டுக்காரி காய்ச்சல்ல போயிட்டாளுங்க. நாலே நாளு. புள்ளை கேட்டா என்னன்னு சொல்றது? அம்மா சாமிகிட்டப் போயிட்டான்னேன். எல்லாரும் சொல்றதுதானுங்களே. இவ விடலை. எந்தச் சாமிகிட்டன்னா. நம்ம கரட்டுச்சாமிகிட்டன்னேன். அது எங்க இருக்குதுன்னா. உச்சியிலன்னுட்டேன். அப்புறம் பாத்தா, உச்சியில யாருமே இல்லைன்னு நீங்க எழுதிப்போட்டீங்க.

— எனக்கு... இது தெரியாதுங்க.

— உங்க மேல கோவமில்லீங்க. சாமி இல்லைன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும், நமக்கென்னன்னுதான் இருந்தேன். ஆனா சாமி அங்க இல்லைன்னா, அவளும் எங்கயுமே இல்லைன்னு ஆயிருமுங்களே. அதுக்குத்தான் மொதக் கையெழுத்துப் போட்டேன்.

— இதை மனுவுல எழுதியிருக்கலாமேங்க.

— மனுவுல எப்படிங்க எழுதறது இதை?

— சரிங்க. கூப்புடுங்க. என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலை.

— கண்ணு, நாச்சி! உள்ள வா. இந்த அக்காதான். நீ பேசு, அப்பா வெளிய கேட்டுப் பக்கம் நிக்கறேன். கேக்க மாட்டேன், என்ன?

— வா நாச்சி, இப்படி உக்காரு. கால் புண்ணு காஞ்சுதா? மருந்து போட்டுவிடட்டுமா?

— வேண்டாங்க. நீங்கதான் செம்பி கதை எழுதுனதா?

— ஆமா.

— மேல யாருமில்லைன்னு உங்களுக்கு எப்படிங்க்கா தெரிஞ்சுது? ஏறிப் பாத்தீங்களா?

— இல்ல கண்ணு. இங்க, இந்த மேசையில உக்காந்துதான் எழுதுனேன்.

— பாக்காமயேவா?

— ஆமா... பாக்காமதான்.

— நான் பாத்தேங்க்கா.

— கேள்விப்பட்டேன். நாச்சி, இங்க பாரு. அது வெறும் கதை. நான் எழுதுனது தப்பாக்கூட இருக்கலாம். மேல ஒருவேளை...

— இல்லீங்க்கா. சரியாத்தான் எழுதியிருக்கீங்க. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன். காத்துதான் அடிச்சுது. ஒரு கல்லு, ஒரு வெளக்கு, அவ்வளவுதான்.

— உனக்குப் பயமா இருந்துச்சா?

— மொதல்ல அழுதேன். அப்புறம் எறங்கி வந்துட்டேன்.

— அப்பா மேல கோவமா? உங்கிட்ட அப்படிச் சொன்னாருன்னு?

— அதெல்லாம் இல்லீங்க்கா.

— அப்புறம் ஏன் பேச மாட்டேங்கறே? வெளிய பாரு, எப்படி நிக்கறாருன்னு.

— பேசுனா, மேல என்ன இருந்துச்சுன்னு கேப்பாரு.

— கேட்டா சொல்லிடு கண்ணு. பெரியவங்கதானே, தாங்கிக்குவாரு.

— கல்லுக்கு அடியில லெட்டரு வெச்சிருக்குதுங்க்கா, எட்டு லெட்டரு. எல்லாம் அப்பா கையெழுத்து, கவரு மேல அம்மா பேரு. மழையில நனைஞ்சு ஒண்ணுகூடப் பிரிக்காம கெடக்குது... அங்க யாருமில்லைன்னு அவருக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்லிப்போடாதீங்க.