பிடுங்கி எறியப்பட்டவன்

“பஸ்ல போயிட்டு வந்தா படிப்பு ஏறிடுமா?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அதே பஸ்ஸில்தான் இப்போது வேலைக்குப் போகிறேன். நேற்று முன் சீட்டில் ஒரே ஊர்க்காரப் பெண்கள் இருவர் தற்செயலாகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“பைபிளை நம்பித்தான்க்கா என் மவனை வெரட்டுனேன்.”

“என்னடி சொல்ற ஆரோக்கியம்?”

“கோதுமையில களை மொளச்ச கதை இருக்குல்ல? இருவது வருசமா களை பறிக்கிறவ நான். களைன்னா புடுங்கணும்னுதானே தெரியும்? குடிச்சுட்டு வந்தான். ‘வேதத்துலயே இருக்கு, நீ களைடா’ன்னு பையத் தூக்கித் தெருவுல போட்டுட்டேன்.”

“சரிதானே?”

“ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் சொல்றாரு, எசமான் புடுங்க வேணாம்னாராம். பயிரும் சேந்து வந்துரும், அறுப்பு வரைக்கும் விடுங்கன்னாராம். இத்தன நாளா பாதிக் கதையத்தான் கேட்டுருக்கேன்.”

“நம்ம வயக்காரரு அப்புடி விடுவாரா? கூலியப் புடிச்சுருவாரு!”



“குதிரைவாலிக் களையும் நெல்லும் நாத்துல ஒரே மாரிதான்க்கா. கதிர் வந்தாத்தான் தெரியும். களைன்னு புடுங்குனதுல என் கையிலயே எத்தனை தடவ நெல்லு வந்துருக்கு. அவனுக்கு இருவத்திரெண்டு வயசுதான்.”

“போன் போட்டுக் கூப்புடுடி.”

“மூணு நாளாப் போடுறேன், எடுக்கல. சீர்காழி ரைஸ் மில்லுல இருக்கானாம். அங்கதான் போறேன், டிக்கெட் எடுத்துட்டேன்.”